நோய் வகுத்த குடியிருப்புகள்: தென்னாப்பிரிக்காவில் கொரோனா யாரை எப்படித் தாக்கியது?

2020 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவில் முதல் கொரோனா நோயாளி உறுதி செய்யப்பட்டார். குவாசுலு-நடால் மாகாணத்துக்காரர். இத்தாலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடிவிட்டுத் திரும்பிய பத்துப் பேரில் ஒருவர். ஆப்பிரிக்கா என்றாலே நோய் ஏதோ குடிசையிலிருந்து கிளம்பி வரும் என்று நினைப்பது பலருக்குப் பழக்கம். இங்கே அது விமான டிக்கெட் எடுத்து, சூட்கேஸோடு வந்து இறங்கியது.

வந்தது அப்படி. போய்ச் சேர்ந்த இடம் வேறு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய சாவு கணக்கிலேயே வரவில்லை என்று பார்த்தால், பழைய நிறவெறி ஆட்சியின் வரைபடத்தை மேலே போட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும். இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று: அந்த வரைபடத்தின் பல கோடுகளை ஒரு காலத்தில் போட்டதே தொற்றுநோய்கள்தான். நிறவெறி 1948-இல் அரசுக் கொள்கையாவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது.

1901-இல் கேப் டவுனில் பிளேக் பரவியது. ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவக் குதிரைகளுக்காகக் கப்பலில் வந்த தீவனத்தோடு எலிகளும் வந்திறங்கின. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். பிளேக்கில் இறந்தவர்களில் பெரும்பகுதி கலப்பின மக்கள். கறுப்பினத்தவரின் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்திலிருந்து வெளியேற்றியது கறுப்பினத்தவரைத்தான். ஊருக்கு வெளியே ஒய்ட்ஃப்லக்ட் என்ற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆயிரக்கணக்கானோரை அடைத்தார்கள். பின்னாளில் ந்டபேனி என்று பெயர் பெற்ற அந்த இடம் கேப் டவுனின் முதல் கறுப்பினக் குடியிருப்பு. பிளேக் போய்விட்டது, கொட்டகை அங்கேயே இருந்தது.

மூன்று ஆண்டு கழித்து ஜோஹன்னஸ்பர்க். இங்கே நம்மவர்களும் வருகிறார்கள். 'கூலி லொகேஷன்' என்று வெள்ளையர் அழைத்த இந்தியர் குடியிருப்பில் தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். நகராட்சி அந்த நிலத்தைக் கையகப்படுத்திக்கொண்டது. குப்பையை மட்டும் அள்ளவில்லை. நிலைமை மோசமாகிறது என்று காந்தி, அப்போது அங்கே வழக்கறிஞர், சுகாதார அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதினார். 1904 மார்ச்சில் நுரையீரல் பிளேக் வெடித்தது. காந்தியும் நண்பர்களும் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து அதையே ஆஸ்பத்திரியாக்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். நகராட்சி செய்தது எளிமையானது: எல்லோரையும் வெளியேற்றிவிட்டு லொகேஷனுக்குத் தீ வைத்தது. மக்களை நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கிளிப்ஸ்ப்ரூயிட் என்ற பண்ணையில் கூடாரம் போட்டு இறக்கியது. இந்தியர்கள் கொஞ்ச காலத்தில் வெளியேறிவிட்டார்கள்; கறுப்பினத்தவர் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பண்ணை பிறகு பிம்வில் ஆயிற்று. பிம்வில் இன்று ஜோஹன்னஸ்பர்க்கின் பெரிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவின் ஒரு பகுதி. சோவெட்டோவின் தொடக்கப் புள்ளி என்றே அதைச் சொல்லலாம்.

பிறகு 1918. பிரான்ஸில் போர்முனைத் தொழிலாளர் படையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய கறுப்பினத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் சியரா லியோன் வழியாகக் கேப் டவுனுக்கு வந்தன. கூடவே ஸ்பானிஷ் காய்ச்சலும். சில வாரங்களில் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் சுற்றுமதில் போட்ட கொட்டடிகளில் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். சுமார் 11,000 பேரில் 2,500-க்கும் மேல் செத்துப்போனார்கள். இந்தச் சாவுகளைக் கண்டு பயந்த நாடாளுமன்றம் 1919-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது, சரி. 1923-இல் வந்த நகர்ப்புறப் பகுதிகள் சட்டம் கறுப்பினத்தவருக்குத் தனிக் குடியிருப்பு என்பதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. அதற்கு ஆதரவு திரட்டியதில் காய்ச்சல் பயத்துக்கும் நல்ல பங்கு உண்டு.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது நொன்டேத்தா என்ற பெண்ணை விட்டுவிட முடியாது. கிழக்குக் கேப் மாகாணத்தைச் சேர்ந்த கோசா இனப் பெண், கணவனை இழந்தவர். அந்தக் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவர், தனக்குக் கனவில் கட்டளை வந்தது என்று சொல்லி மக்களைச் சேர்த்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். கண்ணெதிரே இத்தனை பேர் செத்தது ஏன் என்று புரியாமல் தவித்த மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அரசு 1922-இல் அவரை மனநல மருத்துவமனையில் அடைத்தது. 1935-இல் பிரிட்டோரியா மனநல மருத்துவமனையில் அடைபட்டபடியே இறந்தார். அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தது 1998-இல்தான். ஒரு பெருந்தொற்றை ஒரு சமூகம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதைக் காதுகொடுத்துக் கேட்க மறுக்கும் அரசு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் 26 நள்ளிரவு ஊரடங்கு தொடங்கியது. உலகத்திலேயே கடுமையானவற்றில் ஒன்று. சாராயமும் சிகரெட்டும் விற்கக் கூடாது, நாயை நடத்திக்கொண்டு போகக் கூடாது, சமைத்த சூடான உணவை விற்கக் கூடாது. அதிபர் சிரில் ராமபோசா தொலைக்காட்சியில் தோன்றி நிதானமாகப் பேசியபோது நாடே தலையாட்டியது. மருத்துவக் கண்ணோட்டத்தில் அந்த முடிவு தவறில்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் தயாராக அவகாசம் வேண்டியிருந்தது. ஆனால் 'வீட்டிலேயே இருங்கள்' என்ற உத்தரவுக்கு முதலில் வீடு வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் சாண்ட்டன், ஆப்பிரிக்காவிலேயே பணக்காரப் பகுதி என்று பெயரெடுத்தது. நெடுஞ்சாலையைத் தாண்டினால் அலெக்ஸாண்ட்ரா. இந்தப் பக்கம் நீச்சல் குளமும் மின்வேலியும் வைத்த வீடுகள். அந்தப் பக்கம் ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி நான்கைந்து தகர அறைகள், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. தகர அறைக்குள் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பது யாராலும் ஆகாத காரியம். முற்றம்தான் அங்கே கூடம். அந்த முற்றத்தில்தான் 2020 ஏப்ரல் 10 அன்று காலின்ஸ் கோசா என்பவரை ராணுவத்தினர் பிடித்தார்கள். வீட்டு வளாகத்தில் சாராயக் கோப்பை இருந்தது என்பது விவகாரம். சொந்த வளாகத்தில் குடிப்பது அன்றைய விதியின்படிகூடக் குற்றமில்லை. அடித்தார்கள், சில மணி நேரத்தில் அவர் இறந்தார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது; சித்திரவதை செய்யப்படாமல் இருக்கும் உரிமை ஊரடங்கிலும் உண்டு என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. சாண்ட்டன் வீடுகளுக்குள் புகுந்து யாருடைய ஒயின் கோப்பையையும் எந்தப் படையும் எட்டிப் பார்க்கவில்லை.

சாராயத் தடைக்கு ஒரு வேடிக்கையான பக்கமும் உண்டு. அன்னாசிப் பழத்தின் விலை எகிறியது. தோலோடு நறுக்கிச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடிவைத்தால் சில நாளில் ஒரு மாதிரி பீர் கிடைக்கும். நாடு முழுக்க வாளி வாளியாகச் செய்தார்கள், இனபேதமே இல்லாமல். விபத்துப் பிரிவுகளில் குத்துவெட்டுக் காயங்கள் சட்டென்று குறைந்தது உண்மைதான். அதேநேரம் டவுன்ஷிப் எனப்படும் கறுப்பினக் குடியிருப்புகளில் சிறு மதுக்கூடம் வைத்துப் பிழைத்த பெண்களுக்கு வருமானம் பூஜ்யம்.

வேலை இழப்பில்தான் சமூகங்களுக்கிடையே உள்ள பள்ளம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைபேசி வழியே எடுத்த நிட்ஸ்-கிராம் கணக்கெடுப்பின்படி, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் சுமார் 30 லட்சம் பேர் வேலை இழந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஏப்ரலில் 47 சதவீத வீடுகளில் சாப்பாட்டுக்குக் கையில் காசில்லாமல் போனது. மடிக்கணினியைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையரும் நடுத்தர வர்க்கத்து மற்ற இனத்தவரும். அவர்கள் வீட்டில் துடைத்துப் பெருக்கிய கறுப்பினப் பெண்களை 'கொஞ்ச நாள் வர வேண்டாம்' என்று நிறுத்தினார்கள். வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவி வாங்கலாம் என்றால், முதலாளியம்மா பதிவே செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது.

பள்ளிகளை மூடியதும் மதிய உணவும் நின்றது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நம்பியிருந்த உணவு அது. சத்துணவு தெரிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு இதன் கனம் புரியும். ஈக்குவல் எஜுகேஷன் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. பள்ளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும் என்று 2020 ஜூலை 17 அன்று பிரிட்டோரியா நீதிமன்றம் உத்தரவிட்டது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை எந்தத் தீர்ப்பாலும் திருத்த முடியாது.

மினிபஸ் டாக்ஸியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் ஏழை மக்களின் முக்கிய வாகனம். நிறவெறி ஆட்சி அவர்களை நகரத்திலிருந்து தூரத்தில் குடியேற்றியதால், சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்தாவது தினமும் ஒரு வேனில் பதினைந்து பேராக நெருக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். அரசு முதலில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தது. நஷ்டத்துக்கு ஈடு கொடுங்கள் என்று டாக்ஸி முதலாளிகள் முரண்டு பிடித்தார்கள். கடைசியில் 2020 ஜூலையில், நோய் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, உள்ளூர்ப் பயணத்துக்கு முழு வண்டியும் நிரப்பலாம் என்று அனுமதி. அதே வாரத்தில் சாராயத் தடை திரும்ப வந்தது, சவ அடக்கத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியும் அப்படியே இருந்தது. சாவு வீட்டுக்குப் போகிற வழியில் நெருக்கலாம், போய்ச் சேர்ந்த பிறகு கூடாது.

அந்த ஐம்பது பேர் விதி கிழக்குக் கேப்பில் எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை வெளியிலிருந்து புரிந்துகொள்வது கஷ்டம். கோசா மக்களில் பாதிக் குடும்பம் கேப் டவுனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ வேலை செய்யும். ஆனால் ஊர் என்பது கிழக்குக் கேப்தான். செத்தால் அங்கேதான் புதைக்க வேண்டும். உடலோடு பேச வேண்டும், 'இப்போது உன்னை வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இரவு முழுக்க விழித்திருந்து பாட வேண்டும், மாடு அறுக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் நின்றது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல், திறக்கக் கூடாத பெட்டி. சவ அடக்கங்கள் நோயைப் பரப்பியதும் பொய்யில்லை. அந்த மாகாணத்தின் முதல் பெரிய பரவல்களைச் சுகாதாரத் துறை போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் நடந்த சவ அடக்கங்கள் வரை பின்தொடர்ந்து கண்டுபிடித்தது. இளைஞர்களுக்கான விருத்தசேதனச் சடங்கையும் நிறுத்தினார்கள். தடை போட்டது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதை ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்காமல் அரசிதழில் அச்சடித்து அனுப்பியது நல்லதல்ல.

அதே மாகாணத்தில்தான் ஆஸ்பத்திரிகளும் முதலில் சரிந்தன. போர்ட் எலிசபெத்தில் செவிலியர்கள் துப்புரவு வேலை செய்ததும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் துணி துவைத்ததும் 2020 ஜூலையில் உலகச் செய்தியாயின. ஆண்டு முடிவில், பின்னர் பீட்டா என்று பெயர் பெற்ற திரிபு அந்தப் பகுதியில் கண்டறியப்பட்டது. 2021 தொடக்கத்தில் ரத்த தானம் செய்தவர்களைச் சோதித்தபோது கிழக்குக் கேப்பில் 63 சதவீதத்தினர் ஏற்கெனவே நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். வடக்குக் கேப்பில் அது 32 சதவீதம். இன வாரியாகப் பார்த்தால் கறுப்பினக் கொடையாளர்களின் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெறும் சாவு எண்ணிக்கையை வைத்து இனங்களை ஒப்பிட்டால் குழப்பம் வரும். வெள்ளையரிடையே முதியவர்கள் அதிகம். இந்த நோய் முதியவர்களைத்தான் கொன்றது. வயதையும் உடன்நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோர் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம் என்று மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தனியார் ஆஸ்பத்திரியா அரசு ஆஸ்பத்திரியா என்பதும் உயிரைத் தீர்மானித்தது. மருத்துவக் காப்பீடு வெள்ளையரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் உண்டு, கறுப்பினத்தவரில் பத்தில் ஒருவருக்குத்தான்.

இந்தியர்கள் இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் டர்பனைச் சுற்றி வாழ்கிறார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரண்டும் நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிய ஊர்கள். நீரிழிவு அவர்களிடம் மிக அதிகம். கொரோனாவுக்கு அது வசதியாகப் போயிற்று. மாரியம்மன் அங்கேயும் நோய் தீர்க்கும் தெய்வம்தான். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில்களில் கூட்டம் அலைமோதும், தீமிதியும் நடக்கும். 2020-இல் புனித வெள்ளி ஏப்ரல் 10, காலின்ஸ் கோசா இறந்த அதே நாள். அம்மைக்குக் காப்புக் கட்டிய வம்சம் அன்று கோயில் கதவு சாத்தியிருக்க வீட்டில் உட்கார்ந்திருந்தது.

2021 ஜூலையில் ஃபீனிக்ஸ் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதும் குவாசுலு-நடாலிலும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலும் கலவரம் வெடித்தது. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். தூண்டியது அரசியல், ஆனால் ஓராண்டுப் பட்டினியும் அதற்கு விறகாயிற்று என்றுதான் நினைக்கிறேன். ஃபீனிக்ஸில் இந்தியர்கள் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டுக் காவல் நின்றார்கள். பக்கத்து இனாண்டா, குவாமாஷு ஆட்கள் அந்த வழியாக வந்தபோது சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 சாவு, பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இந்தியக் கடைகள் சூறையாடப்பட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது பாதியையும் எழுத வேண்டும். இரண்டு இனத்துக்கும் நடுவே வெற்று நிலத்தை விட்டு ஊர் அமைத்தவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ, அதுதான் அந்த வாரம் நடந்தது.

எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் வெளிநாட்டவர். டவுன்ஷிப் தெருமுனைகளில் 'ஸ்பாசா' எனப்படும் பெட்டிக்கடைகளை சோமாலியரும் எத்தியோப்பியரும் வங்காளதேசத்தவரும் நடத்துகிறார்கள். ஊரடங்கு தொடங்கியபோது, தென்னாப்பிரிக்கர் நடத்தும் கடைகள் மட்டும் திறக்கலாம் என்றார் ஓர் அமைச்சர். ஜிம்பாப்வே எல்லையில் பெய்ட்பிரிட்ஜ் அருகே 40 கிலோமீட்டருக்குக் கம்பி வேலி போட்டார்கள். போட்ட வேகத்தில் ஓட்டை விழுந்தது. வேலையில்லாதவர்களுக்கு மாதம் 350 ராண்ட் (அந்நாட்டு நாணயம்) கொடுத்த கொரோனா உதவித்தொகையிலும் புகலிடம் கோரியவர்களுக்கு இடமில்லை. புலம்பெயர்ந்தோருக்கு உதவும் ஸ்கலாப்ரினி மையம் வழக்குத் தொடுத்த பிறகு 2020 ஜூனில்தான் அவர்களையும் சேர்த்தார்கள்.

நாட்டுக்குக் கைகொடுத்ததும் ஒரு பழைய நோய்தான். எச்ஐவி. அதிபர் தாபோ உம்பெக்கி அந்தக் கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் மருந்தில்லாமல் செத்தார்கள். சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். மக்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடி மருந்தைப் பெற்றார்கள். அந்தப் போராட்டத்தின் மிச்சமாக வீடு வீடாகப் போகும் ஆயிரக்கணக்கான சமூகச் சுகாதாரப் பணியாளர்களும், காசநோய்ச் சோதனை எந்திரங்களும், மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடங்களும் தயாராக இருந்தன. அரசின் மருத்துவ ஆலோசனைக் குழுவின் முதல் தலைவர் சலீம் அப்துல் கரீம் டர்பனில் எச்ஐவி ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர். பீட்டாவையும் ஒமிக்ரானையும் உலகத்துக்கு முதலில் அறிவித்தது இந்த ஆய்வுக்கூடங்கள்தான். 2021 நவம்பரில் ஒமிக்ரானைச் சொன்ன மறுநாளே பிரிட்டன் விமானத்தை நிறுத்தியது. உண்மை சொன்னதற்கான பரிசு.

தடுப்பூசியிலும் இந்தியா வருகிறது. புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து 10 லட்சம் ஊசிகள் 2021 பிப்ரவரி 1 அன்று வந்திறங்கின. ஒரு ஊசிக்கு 5.25 டாலர், ஐரோப்பிய நாடுகள் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே வாரத்தில், பீட்டா திரிபு உண்டாக்கும் லேசான நோயை அது அவ்வளவாகத் தடுக்கவில்லை என்று ஆய்வு முடிவு வர, அரசு அதை நிறுத்தி ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குக் கைமாற்றியது. பிறகு வந்த ஊசிகளில் ஒரு முரண்: ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதம் என்றவர்களின் விகிதம் கறுப்பினத்தவரிடம்தான் அதிகம் என்று கணக்கெடுப்புகள் காட்டின, வெள்ளையர்களிடம் தயக்கம் கூடுதல். ஆனால் இணையத்தில் பதிவு, மையத்துக்கு டாக்ஸிச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு என்று மூன்றையும் தாண்டி வர வேண்டியவர்கள் சம்மதம் சொன்னவர்களே.

அரசுக் கணக்கில் கொரோனா சாவுகள் 1,02,000-க்குச் சற்று மேல். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வாராவாரம் வெளியிட்ட கூடுதல் மரணக் கணக்கோ (வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்பது) 3 லட்சத்தைத் தாண்டுகிறது. இடைவெளி எல்லா மாகாணத்திலும் ஒரே மாதிரி இல்லை. சோதனைக்கூடம் பக்கத்தில் இருந்த மேற்குக் கேப்பில் சாவுக்குக் கொரோனா என்று பெயர் எழுதினார்கள். கிழக்குக் கேப் கிராமத்தில் வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவரின் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று மட்டும் இருக்கும்.

தற்காலிகம் என்று 2020 மே மாதம் தொடங்கிய அந்த 350 ராண்ட் மட்டும் ஒரேயடியாக நிற்கவில்லை. வேலையில்லாத, உடல் வலுவுள்ள, உழைக்கும் வயதினருக்கு அந்நாட்டு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தது அதுவே முதல் தடவை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021 ஜூலைக் கலவரம் காட்டிவிட்டதால், அந்த ஏப்ரலில் நிறுத்திய தொகையை ஆகஸ்டில் திரும்பக் கொடுத்தார்கள். 2024-இல் அது 370 ராண்ட் ஆயிற்று. விண்ணப்பிக்கும் முறையும் வருமான வரம்பும் தகுதியுள்ளவர்களையே வெளியே தள்ளுகின்றன என்று 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.